ஆப்பும் சுத்தியலும்

பாதி பிளந்து கிடந்த மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தச்சன் செருகி வைத்துவிட்டுப் போன ஆப்பை அசைத்துப் பிடுங்கிய குரங்கின் கதையைக் கேளாத தமிழ்க் குழந்தை இராது. நாமும் பாலப் பிராயத்தில் அதைக் கேட்டுக் குலுங்கக் குலுங்கச் சிரித்திருக்கிறோம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வீட்டுப் பின்கட்டுத் தாழ்வாரத்தில், பழைய ஸைக்கிள் ஒன்றின் பக்கத்தில் கையில் சுத்தியலுடன் குந்தியிருந்த வேளையில், அந்தச் சிரிப்பு முழுவதையும் வாபஸ் வாங்கிக்கொள்ள நேர்ந்தது. குரங்குக்கு அதன் வால் அகப்பட்டது. நமக்கோ, தகப்பனார் நாற்பது வருஷம் மிதித்த வண்டியே கையைவிட்டுப் போயிருக்கும்.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. கறுப்பு வர்ணம், 28 அங்குலச் சக்கரம், கம்பிப் பிரேக். ஒரு காலத்தில் இந்த மாதிரி வண்டிகள் பர்மிங்ஹாமிலிருந்தும் நாட்டிங்ஹாமிலிருந்தும் கப்பலேறி வந்தன. வெள்ளைக்காரன் அனுப்பிய வண்டியில் ஏறிக்கொண்டே வெள்ளைக்காரனை எதிர்த்து ஊர்வலம் போன தேசபக்தர்களும் உண்டு. 1949-ல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி. ஐ. ஸைக்கிள்ஸ் கம்பெனி ஏற்பட்டது. பின்னர் ஹெர்குலிஸ் என்ற பர்மிங்ஹாம் பெயர் தாங்கிய வண்டிகள் அங்கேயே உருவாயின. நம்முடையது அவற்றில் ஒன்று. பெயர் அயல் நாட்டது; சிந்திய வேர்வை நம்மவருடையது.

அத்தகைய வண்டி சில நாட்களாக ஒரு விதமாக முனக ஆரம்பித்தது. மிதிகட்டை ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் ஒரே இடத்தில் ‘கடக்’ என்று ஒரு சத்தம். நடு அச்சுக்குள் இருக்கும் எஃகுக் குண்டுகளுக்கு, அதாவது கடைக்காரர்கள் ‘பால்ரஸ்’ என்று சொல்லும் உருப்படிகளுக்கு, கிரீஸ் வறண்டு போயிற்று என்பது தெளிவு. இம்மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குப் பதினொன்றாக மொத்தம் 22 குண்டுகள், ஒவ்வொன்றும் கால் அங்குலம். அவற்றைக் கழுவிப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டுமானால் அச்சைக் கழற்ற வேண்டும். அச்சைக் கழற்ற வேண்டுமானால் அதன் இரு முனையிலும் மாட்டியிருக்கும் கிராங்குகளை முதலில் எடுக்க வேண்டும். கிராங்கு என்பது மிதிகட்டைக்கும் நடு அச்சுக்கும் இடையே இருக்கும் இரும்புக் கை. காலின் பலம் முழுவதும் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஆகையால் அது அச்சை விட்டு எளிதில் வராதபடிதான் செய்தவர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். வரவேண்டாம் என்று செய்ததை வரவழைப்பது எப்படி என்பதே இவ்வாரத்து விஷயம்.

கிராங்கைக் கழற்ற எந்த ஆயுதம் உத்தமம் என்று கேட்பவர், முதலில் தம் வண்டியின் கிராங்கு எந்த ஜாதி என்று குனிந்து பார்த்தாக வேண்டும். பழைய வண்டிகளில் மூன்று ஜாதி உண்டு. அச்சு முனையும் கிராங்கும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு முளை பாய்ந்து, அதன் ஒரு முனையில் சிறு நட்டு முடுக்கியிருந்தால் அது ஆப்பு வைத்த கிராங்கு. நம் நாட்டுக் கறுப்பு வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ஜாதியே. முளை எதுவும் காணாமல், கிராங்கின் முகத்தில் ஒரு சிறு மூடியும் அதற்குள்ளே போல்ட்டோ நட்டோ இருந்தால் அது சதுர அச்சில் ஏற்றிய கிராங்கு. இரண்டும் இல்லாமல், ஒரு மிதிகட்டையிலிருந்து மறு மிதிகட்டை வரை ஒரே இரும்புக் கம்பி வளைந்து நெளிந்து போனால் அது ஒற்றைக் கிராங்கு. அமெரிக்க வண்டிகளில் மிகுதி. ஒன்றுக்கு உரிய ஆயுதம் மற்றொன்றுக்குச் சல்லிக் காசுக்குப் பிரயோஜனமில்லை.

நம் வண்டி முதல் ஜாதி. அச்சு முனை உருண்டை. அதன் ஒரு பக்கத்தை மட்டும் அரத்தால் ராவினாற்போல் தட்டையாக்கியிருப்பார்கள். கிராங்கின் கண்ணுக்குக் குறுக்கே ஒரு துளை. அந்தத் துளை வழியே செல்லும் முளைக்கும் ஒரு பக்கம் சரிவாகத் தட்டை. தட்டையும் தட்டையும் ஒன்றோடொன்று பொருந்தி இறுகும்போது அச்சு கிராங்குக்குள் சுழல முடியாமல் நிற்கிறது. ஆங்கிலத்தை ஒட்டிக் கடைகளில் இதைக் ‘காட்டர் பின்’ என்கிறார்கள். நம் தச்சர்களும் உழவர்களும் பன்னெடுங் காலமாகக் கலப்பையிலும் வண்டியிலும் செருகி வரும் ஆப்பேதான் இது. இரும்பில் செய்து ஒரு முனையில் மரை வெட்டியிருக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆப்பை இறுக்கிப் பிடித்திருப்பது அந்தச் சிறு நட்டு அல்ல. ஆப்பை உள்ளே அடித்தோ அழுத்தியோ இறுக்கிய பிறகு, அது பின்வாங்கிவிடாமல் காவல் நிற்பதே நட்டின் உத்தியோகம். நட்டை முடுக்கியே ஆப்பை உள்ளே இழுத்துவிடலாம் என்று நினைப்பவர் மரையைத் தேய்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். ஆப்பு சரியாக இறுகாத வண்டியில் நேருவதோ அதைவிட மோசம். ஒவ்வொரு மிதியிலும் ஆப்பின் தட்டை கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும், கிராங்கு ஆடும், ஆட்டம் அச்சின் தட்டையையும் தின்னும். ஒரு நாள் பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது காலின் கீழ் இருந்த மிதி சட்டென்று நழுவும். பின்னால் லாரி வருகிற சாலையில் அப்படி நழுவினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

இவ்வளவும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கற்றவை. அன்று நமக்குத் தெரிந்ததெல்லாம், நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் தட்டினால் ஆப்பு வந்துவிடும் என்பது மட்டுமே. கடைத் தெருவில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஸைக்கிள் கடைக்காரர் பேசிக்கொண்டே ஒரே அடி அடிப்பார், ஆப்பு தரையில் விழும். பார்ப்பதற்கு மிகச் சுலபம். இடது கிராங்கிலிருந்து ஆரம்பித்தோம். நட்டை முழுவதும் கழற்றி ஒரு பக்கம் வைத்தோம். சுவரில் ஆணி அடிக்கிற சிறு சுத்தியலை எடுத்து, ஆப்பின் மரை முனையில் ஒன்று வைத்தோம். வண்டி முழுவதும் ஸ்பிரிங் கட்டிலைப் போல் குதித்தது, ஆப்பு அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது என்று ஒரு டஜன் அடி ஆயிற்று. மரை முனை முதலில் காளான் குடை மாதிரி விரிந்தது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கியைப் போல் வளைந்து நின்றது. இனி நட்டும் ஏறாது, ஆப்பும் இறங்காது.

அப்பொழுது நம் வீட்டு அம்மாள் காப்பி கொண்டு வந்தார். அவர் புதுக்கோட்டை ஜில்லாக்காரர். 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தை ஒட்டி அந்த ஜில்லாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஸைக்கிள் ஓட்டக் கற்றார்கள் அல்லவா? அக்காலத்தில் கற்றவர். ஆகவே ஸைக்கிள் சம்பந்தமாக அபிப்பிராயம் சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்பது அவர் கொள்கை. வளைந்த ஆப்பையும் நம் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உரல் இல்லாமல் உலக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இடித்தால் நெல் குத்துப்படுமா?” என்று கேட்டார்.

நாம் அறிந்த வரையில் இந்த விஷயத்தில் சொல்ல வேண்டிய சாஸ்திரம் அனைத்தும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது. நாம் கொடுத்த அடி எங்கே போயிற்று? கிராங்குக்கு அடியில் முட்டு ஒன்றும் இல்லாததால், அடி கிராங்கைக் கீழே தள்ளிற்று. கிராங்கு அச்சைத் தள்ளிற்று. அச்சு எஃகுக் குண்டுகளைத் தள்ளிற்று. குண்டுகள் தாம் உருளும் கிண்ணத்தில் போய் முட்டின. மீதியை டயரில் இருந்த காற்று வாங்கிக்கொண்டது. ஆப்புக்கு மிஞ்சியது முனை நசுங்குகிற அளவுக்கு மட்டுமே. கிண்ணத்தின் உட்புறம் கடினமாக்கப்பட்ட எஃகு. குண்டுகள் அதில் பள்ளம் பதித்துவிட்டால் பிறகு எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் அச்சு பள்ளத்துக்குப் பள்ளம் தட்டித் தட்டித்தான் சுழலும். எந்த ‘கடக்’ சத்தத்தைப் போக்கப் புறப்பட்டோமோ, அதையே நம் கையால் நிரந்தரமாக்கப் பார்த்தோம்.

சுத்தியலே கூடாது என்று சொல்ல வரவில்லை. உரலோடு சேர்ந்த உலக்கை நல்ல ஆயுதம்தான். முதல் நாள் இரவே ஆப்பின் இரு முனையிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வைக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் மண்ணெண்ணெயோடு கொஞ்சம் மெஷின் எண்ணெய் கலந்து விடலாம். கிராங்கைத் தரைக்குச் சமமாக, நட்டு மேல் நோக்கி இருக்கும்படி நிறுத்த வேண்டும். நட்டு இருக்கும் பக்கமே ஆப்பின் சிறுத்த பக்கம். அடி அங்கிருந்துதான் விழ வேண்டும். மறு பக்கத்திலிருந்து அடித்தால் ஆப்பு மேலும் இறுகும். இதை மாற்றிச் செய்தவர்களும் உண்டு. பிறகு, கிராங்கின் அடிப்புறத்திலிருந்து தரை வரை நிற்கும்படி ஒரு கனத்த இரும்புக் குழாயை அளந்து வெட்டி, செங்குத்தாக முட்டுக் கொடுக்க வேண்டும். குழாயின் வாய், ஆப்பின் பருத்த தலை உள்ளே இறங்கும் அளவு அகலமாயிருக்க வேண்டும். அதன் விளிம்பு கிராங்கின் கண்ணைத் தாங்க வேண்டும். குழாய் ஒரு நூல் கூடுதலாகவே இருந்தால் நல்லது. வண்டியின் பாரம் அதன்மேல் உட்காரும். கீழே கருங்கல்லோ கெட்டியான சிமிட்டித் தரையோ இருக்கட்டும். மண் தரையில் குழாய்தான் இறங்கும், ஆப்பு இறங்காது.

நட்டை முழுவதும் எடுத்துவிடாமல், அதன் முகமும் ஆப்பின் முனையும் ஒரே மட்டமாக நிற்கும் வரை தளர்த்தி அங்கேயே விட்டுவைக்க வேண்டும். மரைக்கு அது கவசம். அப்புறம் சுத்தியல். ஆணி அடிப்பது அல்ல. ஒரு கிலோவுக்குக் குறையாத கனத்த சுத்தியல். சின்னச் சுத்தியலால் இருபது தட்டுவதற்கும் பெரிய சுத்தியலால் ஒன்று வைப்பதற்கும் உள்ள பேதம், இருபது பேர் தனித்தனியே தேரை இழுப்பதற்கும் இருபது பேரும் ஒரே மூச்சில் வடம் பிடிப்பதற்கும் உள்ள பேதம் போன்றது. லேசான தட்டுகள் முனையை நசுக்குவதோடு சரி. ஆப்பைக் கிளப்பும் அளவுக்கு அவற்றில் ஒன்றாவது வலுப்பெறுவதில்லை. வீட்டில் ஒருவர் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ள, நேர் கோட்டில் நன்றாக ஓங்கி ஒன்று, வேண்டுமானால் இன்னொன்று. மூன்று அடியிலும் அசையாவிட்டால் சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டும். நான்காவது அடி கோபத்தில் விழுகிற அடி.

சுத்தியலைக் காட்டிலும் உயர்ந்த ஆயுதம் ஒன்று உண்டு. ஆப்பு அழுத்தி என்று பெயர் வைத்துக்கொள்வோம். குதிரை லாடம் போன்ற கெட்டியான எஃகுச் சட்டம். அதன் ஒரு வாயில் ஆப்பின் தலை போய் உட்காரக் குழி. மறு வாயில் திருகு. திருகின் முனையை ஆப்பின் மரை முனைமேல் வைத்து ஸ்பானரால் முடுக்கினால், அழுத்தம் முழுவதும் ஆப்பின் நேர் கோட்டிலேயே செல்கிறது. கிராங்கே அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொள்வதால் அச்சுக்கும் குண்டுகளுக்கும் ஒரு சிறு அதிர்ச்சியும் இல்லை. உரலும் உலக்கையும் ஒரே சட்டத்தில் அமைந்த யந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு லாபம்: புது ஆப்பைத் திரும்ப இறுக்குவதற்கும் இதே கருவி, திசையை மட்டும் மாற்றிப் பிடித்தால் போதும். பழைய ஸைக்கிள்களின் சகல ரகசியங்களையும் உலகத்துக்கு எழுதி வைத்துவிட்டு 2008-ல் காலமான அமெரிக்க நிபுணர் ஷெல்டன் பிரவுனும் இந்த அழுத்தியையே சிலாகித்தார். அமெரிக்காவின் பார்க் டூல் கம்பெனி முன்னாளில் கடைகளுக்கென்று இதைச் செய்து விற்றது. மேனாட்டில் ஆப்புக் கிராங்குகள் வழக்கொழிந்ததும் செய்வதை நிறுத்திவிட்டது.

மேனாட்டான் நிறுத்திவிட்டால் நமக்கு என்ன? ஆப்பு வைத்த வண்டிகள் இன்றும் ஓடுகிற தேசம் நம்முடையது. அந்த ஆயுதம் ஒவ்வொரு ஜில்லாத் தலைநகரிலும் தொங்க வேண்டாமா? நாம் விசாரித்த கடைகளில் அதன் பெயரைக் கேட்டதும் சுத்தியலை எடுத்து நீட்டினார்கள். ஆகையால் நாமே ஓர் உபாயம் செய்ய வேண்டியதாயிற்று. இரும்புக் கடையில் ‘சி கிளாம்ப்’ என்று ஒரு பிடிப்பான் விற்கிறது. தச்சர் பலகைகளைச் சேர்த்துப் பிடிக்க உபயோகிப்பது. அதில் வார்ப்பு இரும்பால் செய்தது உதவாது. பாரம் ஏறினால் கண்ணாடியைப் போல் உடையும். அடித்துச் செய்த எஃகுப் பிடிப்பானாகப் பார்த்து வாங்கினோம். ஆப்பின் தலை இறங்குவதற்காகக் கனத்த குழாய்த் துண்டு ஒன்றை விரற்கடை நீளத்துக்கு லேத்துப் பட்டறையில் கடைந்து, இரு முகமும் சமமாக இழைத்து வாங்கி வந்தோம். பெஞ்சு வைஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமமும் வேண்டாம். வைஸின் வாய்க்கும் ஆப்பின் தலைக்கும் இடையே ஒரு ஸ்பானர் சாக்கெட்டை வைத்து இறுக்கலாம். ஆனால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைஸில் கொடுக்க இரண்டு ஆள் வேண்டும்.

மறு ஞாயிறு வலது கிராங்கு. எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறியாயிற்று. நட்டை மட்டத்துக்குத் தளர்த்தினோம். குழாய்த் துண்டை ஆப்பின் தலைப் பக்கம் வைத்து, பிடிப்பானை மாட்டி, நேராக நிற்கிறதா என்று இரு பக்கமிருந்தும் பார்த்துவிட்டுத் திருகினோம். கால் சுற்று. பொறுத்தோம். இன்னொரு கால் சுற்று. கை வலித்தது, ஆப்பு அசையவில்லை. சோணாசலமாக உட்கார்ந்திருக்கிறதே என்று சலித்துக்கொண்டு, பாரம் ஏறியபடியே கிராங்கின் கண்ணில் ஒரு கட்டைத் துண்டை வைத்து லேசாக ஒரு தட்டுத் தட்டினோம். பொட்டு வெடி வெடித்தாற்போல் ‘டப்’ என்று ஒரு சத்தம்! எதிர் வீட்டுக் கூரையிலிருந்து இரண்டு காகங்கள் பறந்து போயின. வேறு பயம் ஒன்றுமில்லை. ஆப்பு அரை விரற்கடை வெளியே வந்திருந்தது. மற்றதைக் கையாலேயே எடுத்தோம். இந்த வேலையின்போது முகத்தைத் திருகின் நேருக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடி அணிந்து செய்வது புத்திசாலித்தனம்.

கொக்கியாய் வளைந்த இடது ஆப்புக்கு இந்த மரியாதை பலிக்கவில்லை. வளைந்த முனையின்மேல் திருகை வைத்தால் வழுக்கி ஓடிற்று. கடைசியில், முனையை ஆக்ஸா பிளேடால் கிராங்கின் மட்டத்துக்கு அறுத்துத் தள்ளி, நடுவில் குறி குத்தி, 5 மில்லிமீட்டர் துளை போட்டு, பிறகு அதைச் சற்றே பெரிதாக்கி, ஆப்பை உள்ளுக்குள்ளேயே பலவீனமாக்கிக் குழாய் முட்டின்மேல் வைத்து அடித்து வெளியேற்றினோம். இரண்டு மணி நேரம். மூன்று துளை ஊசிகள் முறிந்தன. துளை சிறிது பக்கம் போனாலும் கிராங்கின் கண்ணே பழுதாகிவிடும் என்ற திகில் வேறு. வலது பக்கம் பத்து நிமிஷத்தில் முடிந்த காரியம்.

அச்சு வெளியே வந்தது. வலப்புறக் கிண்ணம் கண்ணாடி மாதிரி இருந்தது. இடப்புறக் கிண்ணத்தில் நம் டஜன் அடிகளின் கையெழுத்து பதிந்திருந்தது. விளக்கைக் காட்டினால் சிறு சிறு பள்ளங்கள் தெரிந்தன. புதுக் கிண்ணமும் குண்டுகளும் வாங்கினோம். நல்ல வேளையாக, இவ்வகை உருப்படிகளுக்குப் பஞ்சாபின் லூதியானா நகரம் தேசத்துக்கே களஞ்சியமாயிருக்கிறது. கிண்ணத்தைத் தொடுவோருக்கு ஓர் எச்சரிக்கை: இங்கிலீஷ் முறை வண்டிகளில் வலப்புறக் கிண்ணத்தின் மரை இடம்புரி, வழக்கம்போல் திருப்பினால் கழலுவதற்குப் பதில் இறுகும்.

ஆப்பைப் பழையபடி உபயோகிக்க எண்ண வேண்டாம். கழற்றுமுன்பே புது ஜோடி கையில் இருக்கட்டும். அதிலும் அளவு உண்டு. இங்கிலீஷ் முறை வண்டிகளுக்கு 9.5 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. ஐரோப்பாக் கண்டத்து வண்டிகள் பலவற்றுக்கு 9 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்தானே என்று சிறியதைப் பெரிய துளையில் செருகினால், முன்னே சொன்ன பாலத்து ஏற்றம் காத்திருக்கிறது. வெர்னியர் கொண்டு அளப்பது மேல். அது இல்லாதவர் வெளி வந்த பழைய ஆப்பையே கடைக்கு எடுத்துப் போகலாம். இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து பொறுக்க வேண்டும். தட்டையின் சரிவு ஒன்றுக்கொன்று மாறினால் இரு கிராங்குகளும் ஒரே நேர் கோட்டில் நில்லாமல், ஒரு கால் முந்தி ஒரு கால் பிந்தி மிதிக்க வேண்டி வரும். மாட்டும்போது ஒரு பக்கத்து நட்டு மேலே பார்த்தால் மறு பக்கத்து நட்டு கீழே பார்க்க வேண்டும். இதில் தவறினாலும் அதே கோணல்தான்.

இனி மற்ற இரண்டு ஜாதிகள். ஒற்றைக் கிராங்குக்கு அழுத்தியும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். இடது மிதிகட்டையைக் கழற்றி, இடப்புறத்து நட்டைக் கழற்றி, முழுவதையும் பாம்பைப் புற்றிலிருந்து இழுப்பதுபோல் வலப்புறமாக வளைத்து இழுத்துவிடலாம். அந்த மிதிகட்டை, நட்டு இரண்டுக்கும் இடம்புரி மரை என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

சதுர அச்சுக் கிராங்கைப் பற்றிப் புதுச்சேரி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவரிடம் பழைய பிரெஞ்சுப் பந்தய வண்டி ஒன்று இருக்கிறது. இது லேசான அலுமினியக் கலவையில் செய்த கிராங்கு. சரிவான நாற்கோண முனைமேல் ஏறி இறுகியிருக்கிறது. இதற்கு அடியே ஆகாது. ‘புல்லர்’ என்ற இழுப்பான் ஒன்றுதான் ஆயுதம். அதன் வெளி மரையைக் கிராங்கின் முகத்திலுள்ள மரையில் ஏற்றிவிட்டு, நடுத் திருகை முடுக்கினால் அது அச்சைத் தள்ளும், கிராங்கு கழன்று வரும். சங்கடம் என்னவென்றால் பழைய வண்டிகளில் இந்த மரை எல்லாருக்கும் ஒன்றல்ல. பெரும்பாலான கிராங்குகளுக்கு 22 மில்லிமீட்டர். பிரான்சில் டி. ஏ. கம்பெனி தன் பழைய கிராங்குகளுக்கு 23 என்றது. ஸ்டிராங்லைட் கம்பெனி 23.35 என்றது! 22 மில்லிமீட்டர் இழுப்பான் இவ்விரண்டிலும் பிடிப்பில்லாமல் ஆடும்; ஆகவே யாரும் ஏமாறமாட்டார்கள். ஆபத்து, 23-ஐ 23.35-ல் ஏற்றுவதில்தான். அரைகுறையாகப் பிடிக்கும், பிடித்துவிட்டது என்ற தைரியத்தில் முடுக்குவோம், மிருதுவான அலுமினிய மரை அப்படியே சீவல் சீவலாக உரிந்து இழுப்பானோடு வெளியே வரும், கிராங்கு அச்சிலேயே இருக்கும். பழைய ஸ்டிராங்லைட் கிராங்கு கடைக்குக் கடை தொங்குகிற சரக்கல்ல. ஆதலால் நண்பர் கிராங்கின்மேல் பொறித்துள்ள பெயரைப் படித்து, மரையின் வாயை அளந்து பார்த்த பிறகே இழுப்பானுக்கு எழுதிப் போடட்டும்.

சரியான அளவு வந்த பிறகும் இரண்டு காரியம். போல்ட்டை எடுத்ததும் அதன் அடியிலிருக்கும் வாசர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; அதை முள்ளால் கிளறி எடுக்காவிட்டால் திருகு அச்சைத் தள்ளாமல் வாசரைத் தள்ளும். வாசரோ கிராங்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் ஒரே பொருளை என்றால் மரை கிழியாமல் வேறென்ன செய்யும்? இரண்டாவது, நடுத் திருகை நன்றாகப் பின்னுக்கு வாங்கிக்கொண்டு, வெளி மரையைக் கையாலேயே கடைசிப் புரி வரை ஏற்றிய பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். இரண்டு புரியில் தொங்கவிட்டு இழுக்கிறவர்கள் அந்த இரண்டு புரியையும் இழப்பார்கள்.

நம் வண்டிக்குத் திரும்புவோம். கிரீஸ் வைத்தாயிற்று, அச்சு பட்டுப் போல் சுழல்கிறது. புது ஆப்புகளை அதே பிடிப்பானால் அழுத்தி ஏற்றி, நட்டை மட்டாக முடுக்கினோம். முதல் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பின் ஆப்பு சற்று உட்கார்ந்துவிடும். இன்னொரு தரம் அழுத்திவிட்டு நட்டைப் பார்க்க வேண்டும். வீட்டு அம்மாள் சனிக்கிழமை காலையில் சந்தைக்கும் அங்கிருந்து தம் தமக்கை வீட்டுக்கும் போய்த் திரும்பியதில் பதினாறு கிலோமீட்டர் ஆயிற்று. வந்ததும் வண்டியைத் தாழ்வாரத்தில் சாத்திவிட்டு, பிடிப்பானை எங்கே வைத்திருக்கிறோம் என்று விசாரித்தார். எடுத்துக் கொடுத்தோம். இடது ஆப்பு கால் சுற்று வாங்கிக்கொண்டது. வலது ஆப்பு வாங்கவில்லை.